குருகுலம் பிறந்த ஊர் கல்லிடைக்குறிச்சி: வ.வே.சு. ஐயர் வரலாற்றில் திருத்த வேண்டியவை

சேரன்மாதேவி குருகுலம் என்றால் தமிழகத்தில் தெரியாதவர் குறைவு. சமபந்தி, தனிப்பந்தி என்று பேச்சு வந்தாலே அந்தப் பெயர் வந்துவிடும். ஆனால் அந்தக் குருகுலம் முதலில் தொடங்கப்பட்ட ஊர் கல்லிடைக்குறிச்சி. இது நம் மாவட்டத்து மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்பளத்துக்கும் அக்ரகாரத்துக்கும் பேர்போன ஊராக மட்டுமே கல்லிடையை நாம் அறிந்திருக்கிறோம். சாதி ஒழிப்பு வரலாற்றின் ஒரு முக்கியமான பக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

குருகுலத்தைத் தொடங்கிய வ.வே.சு. ஐயர் 1881 ஏப்ரல் 2 அன்று திருச்சி வரகனேரியில் பிறந்தவர். திருச்சியிலும் ரங்கூனிலும் வக்கீல் தொழில் பார்த்துவிட்டு, பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போனார். அங்கே சாவர்க்கர் இருந்த இந்தியா ஹவுஸ் குழுவில் சேர்ந்தார். 1910-ல் பிரிட்டிஷ் போலீசின் கையில் சிக்காமல் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி வந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அப்போது அங்கேதான் இருந்தார்கள். புதுச்சேரியில் இருந்தபோதே திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒன்றாகச் சொல்லப்படும் 'குளத்தங்கரை அரசமரம்' அவர் எழுதியது. 1920-ல் சென்னைக்குத் திரும்பி 'தேசபக்தன்' இதழின் ஆசிரியரானார். ஒரு கட்டுரைக்காகச் சிறைக்கு அனுப்பப்பட்டு, பெல்லாரி சிறையில் கம்பராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார்.

சிறையிலிருந்து வந்த பிறகு, 1922-ல் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். தாய்மொழிக் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி, நாட்டுப்பற்று எல்லாம் சேர்ந்த தேசியக் கல்வி என்பது திட்டம். பின்னர் அது அதே தாமிரபரணிக் கரையில் கிழக்கே உள்ள சேரன்மாதேவிக்கு மாறியது. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது.

பொதுப் பணத்தில் நடந்த அந்த இடத்தில் இரண்டு பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. பெற்றோர் கேட்டுக்கொண்டதற்காக அனுமதித்தேன் என்பது ஐயர் தரப்பின் விளக்கம். செய்தி வெளியே வந்ததும் டாக்டர் வரதராஜுலு நாயுடு தமது 'தமிழ்நாடு' இதழில் கடுமையாக எழுதினார். காங்கிரஸ் செயலாளராக இருந்த பெரியார் மீதிப் பணத்தைத் தர மறுத்தார். 1925 மார்ச்சில் காந்தி தமிழகம் வந்தபோது விஷயம் அவரிடம் போனது. வாக்குக் கொடுத்துவிட்ட இரு மாணவர்களோடு அது நிற்கட்டும், இனிச் சேருவோருக்குத் தனிப்பந்தி கூடாது என்ற சமரசத்தை அவர் சொன்னார். அது எடுபடவில்லை. ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டி, பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினர். ஐயரும் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார்.

இதற்குப் பிறகு நடந்தவை பற்றிப் பல தவறுகள் உலவுகின்றன. குருகுலச் சண்டையால்தான் பெரியார் காங்கிரசை விட்டு விலகினார் என்று பேச்சுப் போட்டிகளில் பிள்ளைகள் சொல்கிறார்கள். குருகுலம் ஒரு காரணம்தான். அவர் வெளியேறியது 1925 நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள மறுத்ததால் வெளியே வந்தார்.

ஐயரின் மரணத்தையும் குருகுலத்தோடு முடிச்சுப் போட்டுப் பேசுவோர் உண்டு. அது சரியல்ல. 1925 ஜூன் தொடக்கத்தில் பாபநாசம் அருவிக்குப் போன இடத்தில் மகள் சுபத்ரா தண்ணீரில் விழுந்தார். அவரைக் காப்பாற்ற ஐயரும் குதித்தார். இருவருமே போய்விட்டார்கள். ஐயருக்கு அப்போது வயது 44. மகளுக்காக உயிரை விட்ட ஒரு தகப்பனின் சாவை அரசியல் தண்டனையாகவோ தியாகமாகவோ திரித்து எழுதுவது அவருக்கும் நியாயமல்ல, வரலாற்றுக்கும் நியாயமல்ல.

இவற்றைவிடப் பெரிய திருத்தம் ஒன்று பாக்கி இருக்கிறது. நூறு ஆண்டுகளாக இந்தக் கதை பிராமணர், பிராமணர் அல்லாதார் என்ற இரு தரப்பின் வழக்காகவே சொல்லப்படுகிறது. பந்தியில் இரண்டு வரிசைதான் கணக்கில் வருகிறது. பந்திக்கு வெளியே, தெருவுக்கும் வெளியே நிறுத்தப்பட்டிருந்த சேரிப் பிள்ளைக்கு அங்கே இலை போடப்பட்டதா என்று மேடைகளில் யாரும் கேட்பதில்லை.

அதே ஆண்டுகளில் நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. கல்லிடையில் குருகுலம் தொடங்கிய அதே 1922-ல்தான், எம்.சி. ராஜா சட்டசபையில் எடுத்த முயற்சியால், இழிவாக வழங்கிய பெயர்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு ஆவணங்களில் ஏறியது. குருகுல விவகாரம் புகைந்துகொண்டிருந்த 1924-ல், பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதே ஆண்டு வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. பெரியார் அதில் சிறை சென்றார். ஒரு பக்கம் ஒரே பந்தியில் உட்காருவதற்கான வாதம். இன்னொரு பக்கம் தெருவில் நடக்கவும் தண்ணீர் மொள்ளவும் போராட்டம். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதினால்தான் அந்தக் காலத்தின் வரலாறு முழுமையாகும்.

இதனால் ஐயரின் தமிழ்த்தொண்டும் நாட்டுப்பற்றும் குறைந்துவிடாது. பிரிட்டிஷ் அரசுக்கு அஞ்சாத ஒருவர், இரண்டு வீட்டாரின் சாதி ஆசாரத்துக்கு இடம் கொடுத்தார் என்பதும் அவர் வாழ்க்கையின் பகுதிதான். சாதியை எதிர்ப்பது வெள்ளையனை எதிர்ப்பதைவிடக் கடினமாக இருந்த காலம் அது. இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை என்பது பள்ளிச் சத்துணவுக் கூடங்களில் தலித் பெண் சமைத்தால் எழும் எதிர்ப்புச் செய்திகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி வட்டாரக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர் வரலாறு எழுதும்போது, ஏற்கெனவே அச்சானதை அப்படியே பார்த்து எழுதாதீர்கள். பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளைக் கேட்டுப் பாருங்கள். 1922 முதல் 1925 வரையிலான இதழ்களை நூலகங்களில் தேடுங்கள். நம் தெருக்களில் உள்ள முதியவர்களிடம், தாத்தா பாட்டி காலத்தில் எந்தப் பள்ளி வாசல் திறந்தது, எது மூடியிருந்தது என்று கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். கல்லிடையின் வரலாற்றில் நம் பெயரையும் நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.