காரில் பேஸ் சரியா வரலையா? அந்த நாப்பில் இருக்கும் 'ஹெர்ட்ஸ்' யார் தெரியுமா?

வில்லியனூரோ, பாகூரோ... காரில் சப்-வூஃபர் மாட்டியிருந்தால் டிக்கியைத் திறந்து ஆம்ப்ளிஃபயரைப் பாருங்க. 'எல்.பி.எஃப்' என்ற நாப்பைச் சுற்றி 50, 80, 120 என எண்கள் இருக்கும். பலர் இதை பேஸ் கூட்டுற நாப் என்று நினைத்து முழுசா திருகிவிடுகிறார்கள். உண்மையில் அது சத்தத்தைக் கூட்டுவதற்கு இல்லை; எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போகணும் என்று பிரிக்கும் எல்லைக்கோடு. அந்த எண்களின் அலகு, ஹெர்ட்ஸ். அது ஒரு மனிதரின் பெயர்!

யார் இந்த ஹெர்ட்ஸ்?

ஹைன்ரிச் ஹெர்ட்ஸ், 1857 பிப்ரவரி 22-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தவர். படிப்போடு மரக் கடைசல் வேலையும் கற்றதால், ஆய்வுக் கருவிகளைத் தானே செய்துகொள்வார். பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் படித்து 1880-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

இருட்டறையில் ஒரு பொறி

மின்காந்த அலைகள் இருக்கின்றன என்று 1865-லேயே மேக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். ஆனால் யாரும் நிரூபிக்கவில்லை. கார்ல்ஸ்ரூ நகரில் பேராசிரியராக இருந்த ஹெர்ட்ஸ், 1886 முதல் 1888 வரை அதற்காகவே உழைத்தார். ஒரு பக்கம் மின்பொறி பறக்கும். சில மீட்டர் தள்ளி, எந்த இணைப்பும் இல்லாத கம்பி வளையத்தின் இடைவெளியிலும் குட்டிப் பொறி தெரியும். அலை காற்றில் வந்திருக்கிறது! இன்று கார் ரேடியோ பாடுவதற்கு அடித்தளம் இதுதான்.

36 வயதில் முடிந்த வாழ்க்கை

அந்த ரேடியோவைப் பார்க்க அவருக்கு ஆயுள் இல்லை. நோயால் அவதிப்பட்டு, 1894 ஜனவரி 1-ல் 36 வயதிலேயே இறந்தார். இளைய மகள் மதில்டேவுக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை.

1930-ல் அலைவெண்ணின் அலகுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். அப்பா வழியில் யூதப் பூர்வீகம் என்பதால், ஹாம்பர்க் நகர மன்றத்தில் இருந்த அவர் படத்தை அகற்றினார்கள். மனைவியும் மகள்களும் நாட்டைவிட்டு இங்கிலாந்து போனார்கள். படத்தை எடுக்க முடிந்தது. உலகம் முழுக்கப் பரவிய பெயரை அழிக்க முடியவில்லை.

சரி, நாப்பை எங்கே வைக்கணும்?

ஒரு ஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்கு ஓர் அதிர்வு. நம் காது சுமார் 20 முதல் 20,000 வரை கேட்கும்.

* சப்-வூஃபருக்கு எல்.பி.எஃப்-ஐ 80-ல் வைத்துத் தொடங்குங்க. அதற்குக் கீழே உள்ள ஒலி மட்டும் முழுசா போகும்.

* டோர் ஸ்பீக்கருக்கு ஹெச்.பி.எஃப்-ஐயும் 80-க்குப் பக்கத்தில் வையுங்க. தாங்காத பேஸ் அதற்குப் போகாது.

* ஃபில்டர் கத்தி மாதிரி வெட்டாது, சரிவாகக் குறைக்கும். 12 டெசிபல் சரிவு என்றால், 80-ல் வைத்தாலும் 160-ல் சுமார் 12 டெசிபல்தான் குறையும்.

* பாடகர் குரல் டிக்கியிலிருந்து கேட்டால், எண்ணைக் குறையுங்க.

* செட்டிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஒரே ஃபில்டரைப் போடாதீங்க. ஏதாவது ஒன்றில் போதும்.

பேஸ் பத்தலைன்னா அதற்கு கெயின், லெவல் எனத் தனி நாப் உண்டு. ஹெர்ட்ஸ் பெயர் போட்ட நாப், பிரிக்க மட்டும்தான்.