மூக்கை அளந்த எழும்பூர் அதிகாரி... யார் இந்த எட்கர் தர்ஸ்டன்? இன்றைய மூக்கு சர்ஜரிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

மூக்கை அழகுபடுத்தும் ரைனோபிளாஸ்டி பற்றித் தேடினால், 'எத்னிக் ரைனோபிளாஸ்டி' என்ற சொல் கண்ணில் படும். எல்லா மூக்கையும் ஐரோப்பிய மூக்காக மாற்றாமல், அவரவர் இனத்தின் சாயல் கெடாமல் திருத்துவதுதான் இது. சரி, 'இனத்துக்கு ஒரு மூக்கு' என்று பிரித்தது யார்? விடையில் ஒரு பகுதி நம்ம ஊரிலேயே இருக்கிறது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால், பாந்தியன் சாலையில் அரசு அருங்காட்சியகம். அங்கே 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன்.

1855-ல் இங்கிலாந்தில் பிறந்த தர்ஸ்டன் டாக்டருக்குப் படித்தவர். சென்னைக்கு வந்த புதிதில் அவர் கவனமெல்லாம் கடல் மேல்தான். ராமேஸ்வரம் பவளம், மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு என்று ஆராய்ந்தார். 1890-களில் மனிதர்கள் பக்கம் திரும்பினார்.

மியூசியம் பார்க்க வந்தவர்களையே அளவெடுத்தார். தலை, உயரம், முக்கியமாக மூக்கு. கணக்கு ரொம்ப எளிது: மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கணும். 45 மி.மீ. உயரம், 36 மி.மீ. அகலம் என்றால் 80. எழுபதுக்குக் கீழே குறுகிய மூக்கு, 85-க்கு மேலே அகன்ற மூக்கு, நடுவில் இருப்பது நடுத்தரம். பிரெஞ்சு மானுடவியலாளர்கள் வகுத்த முறை இது.

இதில் வில்லங்கம் எங்கே வந்தது? மூக்கு அகலமாக ஆக சாதி அந்தஸ்து குறையும் என்று சொன்னவர் ஹெர்பர்ட் ரிஸ்லி. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவரும் அவர்தான். அதையொட்டி வந்த இனவியல் ஆய்வுக்குச் சென்னை மாகாணத்தில் தர்ஸ்டன் பொறுப்பேற்றார். கருவிகளோடு ஊர் ஊராகப் போனார். பார்த்தவர்கள் பயந்தார்கள். தங்களைப் பாடம் பண்ணி மியூசியத்தில் வைக்கப் போகிறார் என்றே வயநாட்டுப் பணியப் பெண்கள் நம்பினார்களாம். இதை எழுதி வைத்ததும் தர்ஸ்டன்தான், அதுவும் வேடிக்கையாக! அந்தப் பெண்கள் இடத்தில் நின்று பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

உதவியாளர் கே.ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்று தமிழில் வந்திருப்பது அதுதான். அவர் தந்த அளவுகளில் ஒவ்வொரு சமூகத்துக்கும் அதிகபட்சம், குறைந்தபட்சம் உண்டு. ஒரே சாதிக்குள் மூக்கு எத்தனை விதம் என்று அதிலேயே தெரிந்துவிடும். 1932-ல் சமூகவியலாளர் ஜி.எஸ்.குர்யே இந்த அளவுகளை மறுபடி அலசினார். ரிஸ்லியின் விதி உத்தரப் பிரதேசப் பகுதியைத் தாண்டிப் பெரிதாகப் பொருந்தவில்லை.

ஆனால், அந்த மூன்று பிரிவுகள் மட்டும் மறையவில்லை. லெப்டோரைன், மீசோரைன், பிளாட்டிரைன் என்ற பெயர்களில் ரைனோபிளாஸ்டி பாடப்புத்தகங்களில் இன்றும் இருக்கின்றன. இந்திய மூக்குகளைப் பெரும்பாலும் நடு வகையில் வைக்கிறார்கள். ஆபரேஷன் மேஜையில் முக்கியம் தோலின் தடிமனும் குருத்தெலும்பின் வலுவும்தான். தடித்த தோலுக்கு அடியில் எலும்பைக் குறைத்தால் மட்டும் போதாது, நுனிக்குத் தாங்கலாகக் குருத்தெலும்பு வைக்கணும். இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்.

ஓய்வுக்குப் பிறகு தர்ஸ்டன் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குப் போய்விட்டார். அங்கே மனிதர்களை விட்டுவிட்டு செடிகொடிகளை வகைப்படுத்தினார். 1935-ல் பென்சான்ஸ் நகரில் காலமானார்.