டர்பன் வக்கீல்

காந்தியடிகளைத் தலைவராக அறிந்த நம் வியாபாரிகளில் பலருக்கு, அவர் முஸ்லிம் வர்த்தகர்களின் வக்கீலாகத் தொழில் நடத்திய வரலாறு தெரியாது. பம்பாயில் முதல் வழக்கிலேயே நாவெழாமல் உட்கார்ந்துவிட்டவர் அவர்.

1893-ல் போர்பந்தர் வணிகரான தாதா அப்துல்லா சேட்டின் வழக்குக்காக, 105 பவுன் சம்பளத்தில் தென்னாப்பிரிக்கா சென்றார். எதிர்க்கட்சிக்காரரான தையப் சேட் சொந்தக்காரர்தாம். இருதரப்பிலும் வக்கீல் செலவு ஏறுவதைக் கண்ட காந்தியார், இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்தார். தாதா அப்துல்லாவுக்கு 37,000 பவுனும் செலவுத் தொகையும் தீர்ப்பாயிற்று. ஒரே தடவையில் கேட்டால் தையப் சேட் திவால்! அது மரணத்தினும் கேடு என்பதைக் கடை வைத்திருக்கும் நமக்கு விளக்க வேண்டுவதில்லை. நீண்ட தவணைக்குச் சேட்டைச் சம்மதிக்க வைக்கத்தான் காந்தியார் அதிகம் பாடுபட்டார்.

1894-ல் ஊர் திரும்ப இருந்தவரை வர்த்தகர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பொதுப்பணிக்குக் கூலி வேண்டாமென்றார் அவர். ஆகவே சுமார் 20 வர்த்தகர்கள் தங்கள் வழக்கு வேலைகளை ஓராண்டுக்கு அவரிடமே ஒப்படைத்து முன்பணம் கொடுத்தனர். மேசை நாற்காலிகள் தாதா அப்துல்லாவின் உபயம். நேட்டால் வக்கீல் சங்கத்தின் எதிர்ப்பைத் தள்ளி நீதிமன்றம் அவரைப் பதிவு செய்தது.

பிழைப்புக்கு வழி இருந்ததால் யாருக்கும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை. சில மாதங்களில், வெள்ளை முதலாளி அடித்து முன்பற்கள் உடைந்த பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தக் கூலி, தலைத்துணியைக் கையில் ஏந்தி அழுதுகொண்டு வந்து நின்றார். தமிழரான குமாஸ்தா மூலம் விவரமறிந்த காந்தியார், முதலில் அவரை வைத்தியரிடம் அனுப்பினார். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்று, வேறு முதலாளியிடம் மாற்றிவிட்டார். அதன்பின் அந்தக் கச்சேரிக்கு ஒப்பந்தக் கூலிகள் ஓயாமல் வரத் தொடங்கினார்கள்.