குழந்தையிடம் பாடம் கேட்ட மாண்டிசோரி அம்மையார்

மழலையர் வகுப்பிற்கு ஓர் ஆசிரியையை ஈர்த்து வருவது எது? ஊதியம் அன்று; அது என்றும் சிறிதே. புகழும் அன்று, அரிச்சுவடி கற்பித்தவரை உலகம் விரைவில் மறந்துவிடும். குழந்தைகள்பால் கொண்ட அன்பே என்று நாம் எளிதாக விடை கூறிவிடுகிறோம். அன்பு வேண்டும்தான். ஆயினும் அன்பு மட்டும் போதுமா? மரியா மாண்டிசோரி அம்மையாரின் வாழ்க்கை இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது.

இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870 ஆகஸ்டு 31ஆம் நாள் பிறந்தவர் அவர். ஆசிரியத் தொழிலைப் பெற்றோர் பரிந்துரைத்தபோது, அது மட்டும் வேண்டா என்று மறுத்தார். பெண்கள் நுழையத் தயங்கிய மருத்துவக் கல்வியை நாடி, 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அவரை வகுப்பறைக்கு அழைத்து வந்தவர்கள், உலகம் கைவிட்ட சில குழந்தைகளே ஆவர்.

மனநோய் விடுதிகளில், அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவர் சிறுமியரும் அக்காலத்தில் அடைக்கப்பட்டிருந்தனர். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைத் தேடிப் பொறுக்கினர். காவல் புரிந்தோர் அதனைப் பேராசை என்று இகழ்ந்தனர். வெறும் சுவர்களன்றி வேறொன்றும் இல்லாத அவ்வறையில், கைகள் பற்றுவதற்கு ஒரு பொருளைத் தேடுகின்றன என்று அம்மையார் கண்டார். வயிற்றுப் பசி என்று மற்றவர் எண்ணியதை அறிவுப் பசி என்று உணர்ந்த அக்கணமே அவரை ஆசிரியை ஆக்கிற்று எனலாம். பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகுவேன் ஆகியோரின் நூல்களைப் பயின்று, அக்குழந்தைகளுக்கெனக் கருவிகள் அமைத்தார். அவர்களிற் சிலர் பொதுத் தேர்வில் ஏனைய மாணவரோடு ஒத்து நின்றனர். ஊரார் வியந்து பாராட்டினர். அம்மையாரோ, நலமுள்ள குழந்தைகள் ஏன் இவ்வளவு தாழ்ந்த நிலையில் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று கவலையுற்றார்.

இப்புகழின் பின்னால் ஒரு துயரமும் இருந்தது. 1898இல் அவருக்கு மாரியோ என்னும் மகன் பிறந்தான். மணமாகாத தாய்க்கு அக்காலச் சமூகத்தில் இடமில்லை. நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றில் வளர்ந்த மகனை, தாயென்று சொல்லாமலே அவர் சென்று பார்த்து வந்தார். பிறர் குழந்தைகளின் ஒவ்வோர் அசைவையும் குறித்துக்கொண்ட கண்களுக்குத் தம் குழந்தையின் மழலைப் பருவத்தை அருகிருந்து காணும் பேறு வாய்க்கவில்லை. 1912இல் அவருடைய அன்னை மறைந்த பின்னரே மகன் அவரிடம் வந்து சேர்ந்தான். அப்போதும் பல்லாண்டுகள் அவன் உறவினன் என்றே அறியப்பட்டான்.

1907 ஜனவரி 6ஆம் நாள் உரோமையின் சான் லோரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. சுவரைக் கெடுக்கிறார்கள் என்பதற்காக ஓரிடத்தில் கூட்டி வைக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அங்கே ஒரு சிறுமி மரத்துண்டுகளை உரிய குழிகளில் பொருத்தும் வேலையை நாற்பது முறைக்கும் மேலாகத் திரும்பத் திரும்பச் செய்தாள். சுற்றிலும் பாட்டும் இரைச்சலும் எழுந்தும் அவள் கவனம் சிதறவில்லை. குழந்தை ஓரிடத்தில் நிலைகொள்ளாது என்று நம்பியிருந்த கல்வி உலகிற்கு அது புதிய செய்தி. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிய பிள்ளைகள், ஒருநாள் தாமாகவே தரையில் எழுதத் தொடங்கினர். மணலில் விரல் பிடித்து எழுதவைத்த நம் திண்ணைப் பள்ளிகளை அறிந்தவர்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

முசோலினியின் ஆட்சியோடு முரண்பட்டு 1934இல் தாயகத்தை விட்டு நீங்கிய அம்மையார், 1939 நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பில் பிரம்மஞான சபை வளாகத்தில் நடந்த முதற் பயிற்சியில் ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் கலந்துகொண்டனர். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், அந்நாட்டு ஆட்சியால் ஒதுக்கப்பட்ட அவரே இங்குப் பகைநாட்டவர் ஆனார். மாரியோ சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளன்று வைஸ்ராய் அவரை விடுவித்தார். அச்செய்தியில் மாரியோ அவருடைய மகன் என்றே குறிக்கப்பட்டார். நாற்பதாண்டுகள் மறைத்த உறவை அரசாங்கத்தின் தந்தி ஒன்று உலகறியச் சொல்லிற்று.

1942இல் இருவரும் கொடைக்கானல் சென்றனர். அன்று அது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. எழுபதைக் கடந்த அம்மையார் அம்மலையில் சிறு பள்ளி நடத்தினார். இலங்கையைச் சேர்ந்த லேனா விக்கிரமரத்தின அவருக்குத் துணைநின்றார். செடி, பூச்சி, கல், நீர் அனைத்தும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதைக் குழந்தைகள் கண்டறியும் கல்விமுறை அங்கேதான் வளம் பெற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த அவர், 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் மறைந்தார்.

அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகள் இன்று பல, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியவையாக உள்ளன. அவர் தொடங்கியதோ ஏழைகளின் குடியிருப்பில். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளே அத்தொடக்கத்திற்கு நெருங்கியவை. கொட்டாம்பட்டி வட்டாரச் சிற்றூர்களில், வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் பிள்ளைகளோடு பகலெல்லாம் அமர்ந்திருக்கும் ஆசிரியையரே அம்மையாரின் உண்மையான வழித்தோன்றல்கள்.

சொல்வதற்கு முன் காண்பதும், கண்டதன்முன் பணிந்து நிற்பதும் ஆசிரியர்க்கு வேண்டிய தகுதிகள் என்பதை அவ்வாழ்வு உணர்த்துகிறது. பத்தாண்டுகளாகச் சொல்லைப் பயின்றுவரும் நம் வட்டத்துக் கவிஞர்களுக்கும் அத்தகுதி வேண்டும். தரையில் குனிந்து எதையோ தேடும் குழந்தையைக் காணும்போது, அது தேடுவது யாது என்று ஒரு கணம் நின்று பார்ப்பதே அம்மையார்க்கு நாம் செய்யத்தக்க அஞ்சலியாகும்.