வாஞ்சி கையில் இருந்த துப்பாக்கியைப் படைத்தவர்
பட்டறையில் பிறந்து பட்டறையிலேயே உயிர் விட்ட ஜான் பிரௌனிங்

1911-ம் ஆண்டு ஜூன் மாதம் 17-ந் தேதி. குற்றாலத்தில் சாரல் காலம்.

அன்று காலை மணியாச்சி ரெயில் நிலையத்தில் துப்பாக்கி வெடித்தது. முதல் வகுப்புப் பெட்டியில் இருந்த நெல்லை கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். சுட்ட சிறிது நேரத்தில் தம்மையும் சுட்டுக்கொண்டு அவர் இறந்தார்.

செங்கோட்டை, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பக்கத்து ஊர். அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. வாஞ்சியின் கதை அந்தப் பக்கத்தில் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் கையில் இருந்த துப்பாக்கியின் கதைதான் பலருக்குத் தெரியாது.

அது பெல்ஜியம் நாட்டில் செய்தது. அதற்குப் பெயர் பிரௌனிங் துப்பாக்கி. ஒரு மனிதரின் பெயரே துப்பாக்கிக்குப் பெயராகி இருந்தது.

யார் அந்த பிரௌனிங்?

பத்து வயதில் முதல் துப்பாக்கி

ஜான் மோசஸ் பிரௌனிங் 1855-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி அமெரிக்காவில் ஆக்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை துப்பாக்கி செய்பவர். அந்தக் குடும்பத்தில் மொத்தம் 22 பிள்ளைகள். பெரிய வருமானம் இல்லை. ஜான் அதிகம் படிக்கவும் இல்லை. தந்தையின் பட்டறைதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

பத்து வயதில், குப்பையில் கிடந்த ஓர் உடைந்த குழலை எடுத்தார். அதை ஒரு மரக்கட்டையில் கட்டினார். நெருப்புத் துண்டை வைத்துச் சுட்டார். பறவைகள் விழுந்தன. துப்பாக்கி உதைத்த உதையில் பையனும் கீழே விழுந்தான்!

அந்த உதையைத்தான் பிற்காலத்தில் அவர் வேலைக்காரனாக மாற்றினார்.

1879-ல் அவருக்கு முதல் காப்புரிமை கிடைத்தது. 1883-ல் வின்செஸ்டர் என்ற பெரிய கம்பெனி அவரைத் தேடி வந்தது. அவருடைய துப்பாக்கியின் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தக் கம்பெனிக்கே புதுப்புதுத் துப்பாக்கிகளை அமைத்துக் கொடுத்தார்.

அவர் படம் வரைந்து வேலை செய்பவர் அல்லர். மனத்தில் கண்டதை நேராக இரும்பில் செய்து பார்ப்பார். செய்தது சரியாக ஓடாவிட்டால் மறுபடியும் செய்வார்.

நாணல் சொன்ன செய்தி

1889-ம் ஆண்டு. நண்பர்களுடன் குறி சுடப் போயிருந்தார். ஒருவர் சுட்டபோது, குழலின் முன்னால் இருந்த நாணல் சாய்ந்து நிமிர்ந்தது. குண்டு அதன்மேல் படவில்லை. குழலில் இருந்து வந்த புகைக்காற்றுதான் சாய்த்தது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிரௌனிங் மட்டும் யோசித்தார். இவ்வளவு பலம் வீணாகப் போகிறதே, இதைக்கொண்டே துப்பாக்கி தன் வேலையைச் செய்துகொள்ளாதா என்று நினைத்தார். உடனே வீட்டுக்குப் போய்ச் சோதனையில் இறங்கினார்.

அன்று தொடங்கியதுதான் தானே தோட்டா போட்டுக்கொள்ளும் துப்பாக்கி வேலை. அவருடைய கைத்துப்பாக்கியைப் பெல்ஜியம் நாட்டுத் தொழிற்சாலை ஒன்று செய்து விற்றது.

1902-ல் வின்செஸ்டர் கம்பெனியோடு தகராறு வந்தது. விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார். கம்பெனி மறுத்தது. இன்னொரு கம்பெனியின் தலைவரைப் பார்க்கப் போய்க் காத்திருந்தார். அந்தத் தலைவர் அன்றே மாரடைப்பால் இறந்துவிட்டார். பிரௌனிங் மனம் தளரவில்லை. தம்முடைய புதுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பெல்ஜியத்துக்குக் கப்பல் ஏறினார்.

6,000 தோட்டா!

1911-ம் ஆண்டு மார்ச் மாதம். மணியாச்சி சம்பவத்துக்கு மூன்று மாதம் முன்பு. அமெரிக்க ராணுவம் அவருடைய வேறொரு கைத்துப்பாக்கியைச் சோதித்தது. 6,000 தோட்டாக்கள் சுட்டார்கள். துப்பாக்கி கொதித்தபோது தண்ணீரில் முக்கிவிட்டு மறுபடியும் சுட்டார்கள். ஒரு தடவைகூட அது சிக்கவில்லை. அந்த ராணுவம் 1985 வரை அதையே வைத்திருந்தது.

சிக்குவது என்றால் என்ன?

வீட்டுத் தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஊசி இறங்கவேண்டும். நூலைப் பிடிக்கவேண்டும். துணி நகரவேண்டும். ஒன்று தவறினால் தையல் நின்றுபோகும்.

தானியங்கும் துப்பாக்கியும் அப்படித்தான். 1914-ல் பெல்ஜியத்தில் வந்த அவருடைய பாயிண்ட் 22 ரைபிளைப் பாருங்கள். சிறிய தோட்டா. அதன் அடித்தட்டின் விளிம்பில் தட்டினால் வெடிக்கும். என்.சி.சி. மாணவர்கள் குறி பழகுவதும் பாயிண்ட் 22 தோட்டாவில்தான். ஆனால் அவர்கள் ரைபிளில் ஒவ்வொரு தடவையும் தாழைக் கையால் இழுத்து மூடவேண்டும்.

பிரௌனிங்கின் ரைபிளில் கைவேலை இல்லை. தோட்டா வெடித்ததும் அந்த உதை தாழைப் பின்னால் தள்ளும். கொக்கி காலிக் கூட்டை இழுத்துக் கீழே தள்ளும். பிறகு ஸ்பிரிங் தாழை முன்னால் விரட்டும். அது போகிற போக்கில் அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளி மூடிக்கொள்ளும். கண்மூடித் திறப்பதற்குள் இத்தனையும் முடிந்துவிடும்!

பழைய துப்பாக்கி ஏன் நிற்கிறது?

பாயிண்ட் 22 தோட்டாவின் உதை சிறியது. அந்தச் சிறிய பலத்துக்குள் எல்லா வேலையும் நடக்கவேண்டும். அதனால் சிறு தடையும் பெரிய தடை ஆகிவிடும்.

காலிக் கூடு வெளியே வராவிட்டால், தோட்டா இருக்கும் அறையில் அழுக்கு சேர்ந்திருக்கும். அல்லது கொக்கி தேய்ந்திருக்கும். தாழ் முழுவதும் பின்னால் போகாவிட்டால், பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். அல்லது தோட்டாவில் பலம் இருக்காது. அடுத்த தோட்டா ஏறாவிட்டால், அதைத் தள்ளும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்துக்கொண்டே இருந்தால் அறையின் வாய் நசுங்கும். அதிலும் தோட்டா சிக்கும்.

தென்காசி, குற்றாலம் போன்ற சாரல் ஊரில் துடைத்து வைக்காத அரிவாளே துருப்பிடிக்கும். துப்பாக்கியைச் சொல்லவேண்டுமா?

இதற்கு முறை உண்டு. முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ளவேண்டும். பிறகு அழுக்கைத் துடைத்து, எண்ணெயைக் குறைவாக இடவேண்டும். அடுத்து நல்ல தோட்டா. அதன் பிறகுதான் ஸ்பிரிங்கும் கொக்கியும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் குற்றம் எங்கே என்று தெரியாது. உரிமம் உள்ளவரும், உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரும் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா சிறிது நேரம் கழித்தும் வெடிக்கலாம். அதனால் குழலை ஆளில்லாத பக்கம் காட்டியபடி அரை நிமிஷமாவது காத்திருக்கவேண்டும்.

பிரௌனிங் இதை முன்பே நினைத்திருந்தார். சுத்தம் செய்வதற்கு வசதியாக, அந்த ரைபிளை எந்தக் கருவியும் இல்லாமல் கையாலேயே இரண்டாகக் கழற்றும்படி செய்திருந்தார்.

பட்டறையில் போன உயிர்

அதே 1914-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி, சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதுவும் பிரௌனிங் துப்பாக்கிதான்! அதைத் தொடர்ந்து முதல் உலகப்போர் மூண்டது. அந்தப் போரில் அவருடைய நாடும் இறங்கியபோது, அமெரிக்க ராணுவத்துக்காகத் தம் இயந்திரத் துப்பாக்கிகளின் உரிமையைக் கொடுத்தார். கோடிக்கணக்கில் வரவேண்டிய பங்கை விட்டுவிட்டு, 7,50,000 டாலர் மட்டும் பெற்றுக்கொண்டார்.

அவர் பெற்ற காப்புரிமைகள் 128.

1926-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி பெல்ஜியத் தொழிற்சாலையில் வேலையாக இருந்தார். வயது 71. மார்பு வலித்தது. மகனுடைய அறையில் படுத்தார். சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. பாதியில் நின்ற கடைசிக் கைத்துப்பாக்கியை அந்தத் தொழிற்சாலையின் நிபுணர் சேவ் என்பவர் 1935-ல் முடித்தார்.

துப்பாக்கி சிக்காமல் ஓடுவதற்கான வழியை பிரௌனிங் கண்டுபிடித்தார். அது யார் கைக்குப் போகும், எதற்காக வெடிக்கும் என்பது பட்டறையில் தீர்கிற காரியம் அல்ல. அந்தப் பொறுப்பு விசையில் விரல் வைப்பவருடையது.