மன்றோவும் உழவர் நிலவுரிமையும்

இன்றைய தருமபுரி மாவட்டம் முற்காலத்தில் பாராமகால் என வழங்கிய நாட்டின் ஒரு பகுதியாகும். மலைகள் சூழ்ந்த அந்நாடு திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி அது கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. எந்நிலம் எவருக்கு உரியது, அதற்கு வரி எவ்வளவு என்பவற்றை வரையறுக்கும் பொறுப்பு அலெக்சாந்தர் ரீடு என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குத் துணையாக அமர்த்தப்பட்ட அலுவலருள் ஒருவரே தாமஸ் மன்றோ.

மன்றோ 1761ஆம் ஆண்டு மே திங்கள் 27ஆம் நாள் ஸ்காத்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அவர் தந்தையார் வணிகர். வாணிகம் நொடித்துக் குடும்பம் வறுமையுற்றமையால், மன்றோ கம்பெனியின் படையிற் சேர்ந்து 1780இல் சென்னைக்கு வந்தார். போர்த்தொழிலுக்கிடையே பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றுத் தேர்ந்தார். அம்மொழியறிவே அவரை வருவாய்த்துறைக்கு உரியவராக்கியது.

பாராமகாலில் அவர் ஏழாண்டுகள் பணியாற்றினார். தருமபுரியில் அவர் ஒரு தோட்டம் அமைத்து, அதனைப் பேரன்போடு பேணி வந்தார். ஊர் ஊராகச் சென்று குடிகளோடு உரையாடினார். வயல்தோறும் அளவை நடைபெற்றது. மண்ணின் தன்மையும் நீர்வளமும் ஆராயப்பட்டன. ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியே வரி குறிக்கப்பட்டது. இடைத்தரகர் எவருமின்றி உழவரே நேரே அரசுக்கு வரி செலுத்தினர். நிலத்தின் பரப்பும் வரியும் குறித்த பட்டா அவர்தம் உரிமைக்குச் சான்றாயிற்று. இதுவே பின்னாளில் இரயத்துவாரி முறை எனப் பெயர்பெற்றது.

ஆயினும் அப்பணி நிலைக்கவில்லை. வங்காளத்தைப் போலச் சென்னை மாகாணத்திலும் சமீன்தார்களை ஏற்படுத்தக் கம்பெனியார் விரும்பினர். 1802ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாராமகால் ஊர்கள் மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விடப்பட்டன. அளந்து கொடுத்த நிலத்திற்கும் உழவருக்கும் இடையே மிட்டாதாரர் புகுந்தனர். அவருள் பலர் வரி செலுத்த இயலாது மிட்டாக்களை இழந்தனர்.

அப்போது மன்றோ, பெல்லாரி, கடப்பை முதலிய பகுதிகளின் தலைமைக் கலெக்டராக இருந்தார். அங்கும் உழவரோடு நேரே உடன்பாடு செய்யும் முறையையே கையாண்டார். வரிச்சுமை மிகுதி என உணர்ந்து, நான்கில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டுமென 1807இல் எழுதினார். அவ்வாண்டே இங்கிலாந்து சென்று, பாராளுமன்றக் குழுவின்முன் தம் முறைக்காக வாதாடினார். 1820இல் சென்னை ஆளுநராகத் திரும்பிவந்த பின்னரே அவருடைய கொள்கை மாகாணமெங்கும் வேரூன்றியது. அவர் வேண்டிய வரிக்குறைப்பும் நிறைவேறியது.

மக்களின் நிலத்தை அளந்தவர், அவர்களுடைய கல்வியையும் அறிய விழைந்தார். 1822இல் மாவட்டந்தோறும் உள்ள நாட்டுப் பள்ளிகளைக் கணக்கிட ஆணையிட்டார். 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர் பயின்றமை அதனால் தெரியவந்தது. இந்நாட்டினருக்கு உயர்பதவிகளை மறுத்தல் அவர்தம் பண்பையே தாழ்த்திவிடும் என்று 1824இல் எழுதிய குறிப்பில் அவர் எச்சரித்தார்.

மன்றோவின் முறையில் குறைகளும் இருந்தன. வரி பல இடங்களில் கடுமையாகவே இருந்தது. பிறர் நிலத்தில் உழைத்த கூலியாட்களுக்குப் பட்டா கிட்டவில்லை. எனினும், நிலத்தின்மேல் உழவருக்கு உரிமையுண்டு என்பதை ஆள்வோர் ஏட்டில் அழுத்தமாகப் பதித்தவருள் அவர் முன்நிற்கிறார்.

பதவியை விட்டுத் தாயகம் செல்லும் முன், தாம் முன்பு பணியாற்றிய பகுதி மக்களிடம் விடைபெறப் புறப்பட்டார். வழியில் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு, 1827ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் உயிர்நீத்தார். சென்னைத் தீவுத்திடலில் குதிரைமேல் அமர்ந்த கோலத்தில் அவர் சிலை நிற்கிறது. சிலையினும் சிறந்த நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. அஃது உழவர் வீட்டுப் பெட்டியில் காத்துவைக்கப்பெறும் பட்டாவே ஆகும்.