பனிக்கட்டியில் பறந்த பாபி

கனடா நாட்டில் குளிர்காலம் வந்தால் ஏரிகள் உறைந்துவிடும். தண்ணீர் கல்லைப் போல் இறுகும். அதன் மேல் மக்கள் நடப்பார்கள், சறுக்கி ஓடுவார்கள், ஹாக்கியும் ஆடுவார்கள்.

காலில் இரும்புப் பட்டை பொருத்திய சறுக்குக் காலணி. கையில் நீண்ட மட்டை. பந்துக்குப் பதில் தட்டையான ரப்பர் வில்லை. இதுதான் பனிக்கட்டி ஹாக்கி.

இது ஆண்கள் ஆட்டம் என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் 1890களிலேயே கனடாவில் கல்லூரி மாணவிகள் இந்த ஆட்டத்தை ஆடினார்கள். கணுக்கால் வரை தொங்கும் பாவாடையுடன் ஆடினார்கள்!

அந்த மாணவிகளுக்குப் பின்னால் வந்தவர் பாபி ரோசன்பெல்டு. அவர் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்ல. சாக்லேட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆனாலும் கனடா பெண்களின் விளையாட்டு வரலாற்றில் அவர் பெயருக்குத் தனி இடம் உண்டு.

பிழைக்க வந்த குடும்பம்

பாபி பிறந்தது 1904-ம் ஆண்டு டிசம்பர் மாதம். ஊர், அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்த எக்காத்தரினோஸ்லாவ். இன்று அது உக்ரைன் நாட்டில் இருக்கிறது. யூதக் குடும்பம். பாபி கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பாரி என்ற சிற்றூரில் குடியேறினார்கள். தந்தை பழைய சாமான் வியாபாரம் செய்தார்.

பெற்றோர் வைத்த பெயர் ஃபேனி. பிறகு அவர் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார். அப்படி வெட்டிய முடிக்கு 'பாப்' என்று பெயர். அதனால் தோழிகள் 'பாபி' என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

1922-ல் குடும்பம் டொரண்டோ நகருக்கு மாறியது. அங்கே சாக்லேட் தொழிற்சாலை ஒன்றில் பாபிக்குச் சுருக்கெழுத்து வேலை கிடைத்தது. பகலில் வேலை, மாலையில் விளையாட்டு.

விளையாட்டாக ஓடினார், வென்றார்

1923-ல் ஒரு நாள் பீவர்ட்டன் என்ற ஊருக்குப் பந்து விளையாடப் போனார். அங்கே 100 கெஜ ஓட்டப்பந்தயமும் நடந்தது. தோழிகள் தூண்டவே பாபியும் ஓடினார். முதலாவதாக வந்தார். யாரைத் தோற்கடித்தோம் என்று அவருக்கு அப்போது தெரியாது. தோற்றவர் ரோசா குரோஸ், கனடாவின் ஓட்ட வீராங்கனை!

அந்தக் காலத்தில் பெண்களுக்கென்று விளையாட்டு உடை எளிதில் கிடைக்காது. சகோதரரின் கால்சட்டையும் தந்தையின் காலுறையும் அணிந்து பாபி பந்தயங்களில் ஓடியது உண்டு.

கோடையில் ஓட்டம், டென்னிஸ், மென்பந்து. குளிர்காலத்தில் பனிக்கட்டி ஹாக்கி. ஹாக்கியில் அவர் நிற்பது நடு இடம். வேகமாகப் பாய்வார், பலமாக அடிப்பார். எல்லா விளையாட்டிலும் அவருக்கு மிகவும் பிடித்தது ஹாக்கிதான்.

விட்டுக்கொடுத்த வீராங்கனை

1928-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக் நடந்தது. ஒலிம்பிக் ஓட்டப்பந்தயங்களில் பெண்கள் கலந்துகொண்டது அதுவே முதல் தடவை.

100 மீட்டர் ஓட்டத்தில் பாபி மயிரிழையில் இரண்டாம் இடம் பெற்றார். வெள்ளிப் பதக்கம். நால்வர் தொடர் ஓட்டத்தில் முதல் ஆளாக ஓடினார். கனடா பெண்கள் 48.4 வினாடியில் உலக சாதனை செய்து தங்கம் வென்றார்கள்.

ஆனால் மக்கள் நெஞ்சில் நின்றது பதக்கம் கிடைக்காத ஓட்டம்.

அது 800 மீட்டர் பந்தயம். பாபி அதற்குப் பயிற்சி செய்தவர் அல்ல. ஜீன் தாம்சன் என்ற 17 வயதுப் பெண்ணுக்குத் துணையாகவே களத்தில் இறங்கினார். ஜீன் களைத்துப் பின்தங்கத் தொடங்கினாள். பின்னால் இருந்த பாபி வேகம் கூட்டி அவள் அருகே வந்தார். முந்த முடிந்தும் முந்தவில்லை. பக்கத்திலேயே ஓடி ஊக்கம் கொடுத்தார். ஜீன் நான்காவது, பாபி ஐந்தாவது!

அந்தப் பந்தயத்தில் பெண்கள் மயங்கி விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதுபடுத்தின. நீண்ட ஓட்டம் பெண்களுக்கு ஆகாது என்று அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். அது மீண்டும் ஒலிம்பிக்கில் வர 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படுக்கையில் விழுந்தார்

1929-ல் இடி விழுந்தது. பாபியை மூட்டுவாதம் பிடித்தது. காற்றாய்ப் பறந்த கால்கள் அசையவில்லை. எட்டு மாதம் படுத்த படுக்கை. அதன் பிறகு ஓராண்டு ஊன்றுகோல்.

இனி பாபி ஆட மாட்டார் என்று ஊர் நினைத்தது. பாபி அப்படி நினைக்கவில்லை. 1931-ல் மென்பந்துக் களத்தில் மீண்டும் இறங்கினார். குளிர்காலம் தொடங்கியதும் பனிக்கட்டிக்கும் திரும்பினார். 1931-32 பருவத்தில் ஒன்டாரியோ மாகாணத்தின் சிறந்த ஹாக்கி வீராங்கனை என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. ஊன்றுகோல் பிடித்த கை மட்டை பிடித்து வென்றது!

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1933-ல் நோய் திரும்பி வந்தது. பாபிக்கு அப்போது 30 வயதுகூட ஆகவில்லை. ஆட்டத்தை விட்டார்.

மட்டைக்குப் பதில் பேனா

ஆட்டத்தை விட்டாரே தவிர, ஆடும் பெண்களை விடவில்லை. 1934-ல் லண்டனில் நடந்த பேரரசுப் போட்டிக்குக் கனடா பெண்கள் குழுவின் பயிற்சியாளராகப் போனார். ஒன்டாரியோ பெண்கள் ஹாக்கி சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

பிறகு டொரண்டோவின் 'குளோப் அண்டு மெயில்' நாளிதழில் சேர்ந்தார். சுமார் இருபது ஆண்டுகள் விளையாட்டுப் பகுதி எழுதினார். பெண்களுக்கு விளையாட்டு ஆகாது, அழகு கெடும் என்றவர்களை நகைச்சுவையோடு சாடினார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெண்கள் ஹாக்கிக் குழுக்கள் பல கலைந்தன. பாபியின் பேனா ஓயவில்லை. 1950-ல், அந்த அரை நூற்றாண்டின் தலைசிறந்த கனடா வீராங்கனையாக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1969 நவம்பரில் பாபி மறைந்தார். வயது 64.

பாபி காணாத காட்சி

பெண்கள் ஹாக்கி ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1998-ல். அதே ஆண்டில் கனடாவின் பல்கலைக்கழக மாணவிகளுக்குத் தேசிய ஹாக்கிப் போட்டியும் தொடங்கியது. இரண்டையும் பார்க்க பாபி இல்லை.

இன்று ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் கல்லூரிப் பெண்கள் தங்கள் அளவுக்குத் தைத்த உடையில் பனிக்கட்டியில் இறங்குகிறார்கள். சகோதரரின் கால்சட்டையைக் கடன் வாங்க வேண்டியது இல்லை. கனடாவின் ஆண்டுச் சிறந்த வீராங்கனைக்குத் தரும் விருதுக்கும் பாபி ரோசன்பெல்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.